ஒற்றை மூட்டை ஆகாது

எங்கள் ஊர்க்காரர்கள் டவுன் பஸ்ஸில் வந்தால் மதகுக்கு எதிரே இறங்குவார்கள். அங்கே நிறுத்தம் என்று பலகை கிடையாது. பலகை வைத்த நிறுத்தம் அதைத் தாண்டி முக்கால் கிலோமீட்டரில், இடிந்துபோன ஒரு செங்கல் சூளைக்கு முன்னால் இருக்கிறது. அங்கே ஏறவும் ஆளில்லை, இறங்கவும் ஆளில்லை. அவர் ஒருவர் மட்டும் சூளை வரை போய் இறங்கி, குடையை விரித்து, வந்த வழியே திரும்பி நடந்து வருவார்.

கண்டக்டர் முதலில் கெஞ்சிப் பார்த்தார்.

"சார், எல்லாரும் இறங்குறாங்க. நீங்களும் இறங்கிக்குங்க சார். வெயில் கொளுத்துது."

"இது ஸ்டாப்பா?"

"ஸ்டாப் இல்லதான் சார். ஆனா பஸ்ஸு நிக்குதே."

"பஸ் நின்னா ஸ்டாப் ஆயிடுமா? பஞ்சர் ஆனாலும்தான் நிக்கும்."

அதற்குப் பிறகு கண்டக்டர் அவரிடம் பேசுவதை விட்டுவிட்டார். சூளை வந்ததும் விசில் மட்டும் ஊதுவார். கொஞ்சம் நீளமாகவே ஊதுவார்.

பெயர் வேண்டாம். இப்போது மகள் வீட்டில் சௌக்கியமாக இருக்கிறார். இதை யாராவது அவருக்குப் படித்துக் காட்டினால் முதலில் ஒற்றுப்பிழைகளைக் குறித்துக்கொள்வார், கோபம் அதற்குப் பிறகுதான் வரும். ஊரில் அவருக்கு ‘ஸ்டாண்டர்டு சார்’ என்று பெயர். கிண்டலாக வைத்ததுதான். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

அவர் மனைவிக்கு இது பிறந்த ஊர். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் ஓய்வு பெற்றபின் மனைவியின் வீட்டுக்குக் குடிவந்தார். வந்த வாரத்திலேயே ஊரில் எதற்கும் ஆதாரம் இல்லை என்று கண்டுபிடித்துவிட்டார். கோயிலில் ஏன் இடமிருந்து விபூதி கொடுக்கிறார்கள், டீக்கடையில் ‘ஸ்ட்ராங்’ என்றால் எத்தனை கரண்டித் தூள், கல்யாணப் பத்திரிகையில் ஏன் வருஷத்தை முதலில் போடவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே கேள்வி: "எங்க எழுதியிருக்கு?" அவர் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்து காபி குடித்துக்கொண்டே சொன்னார்:

"எங்க கல்யாணத்துல மூணு முடிச்சு எதுக்கு, ரெண்டு போதாதான்னு ஐயரைக் கேட்டவர் இவர். ஐயர் யோசிச்சுப் பதில் சொல்ற வரைக்கும் நான் ரெண்டு முடிச்சோட உக்காந்திருந்தேன்."

நான் ரயில்வேயில் சரக்குப் பிரிவில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தவன். விதிகளோடு குடித்தனம் நடத்தியவன். எண்ணுவது எனக்கு வியாதி. அப்பளத்தை எத்தனை துண்டாக உடைத்தேன் என்பது எழுந்து கை கழுவும்வரை நினைவிருக்கும். அப்படிப்பட்ட எனக்கே அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் நான் ஒரு பொறுப்பில்லாத ஆசாமி என்று தோன்றும். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை.

எங்கள் உறவுக்குக் காரணம் சங்கத்தின் கணினி. ஊர் உழவர் சங்கத்துக்கு நான் கௌரவச் செயலாளர். கௌரவம் என்றால் சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் உண்டு. எங்கள் பக்கம் குறுவை அறுப்பும் மழையும் ஒரே சமயத்தில் வரும். ஈர நெல்லைக் கொள்முதலுக்கு எடுக்க மாட்டார்கள். சாக்கில் கட்டிப் போட்டால் இரண்டு நாளில் சூடேறும், அப்புறம் முளைவிடும். அதற்காகச் சங்கத்தில் ஓர் உலர்த்தும் இயந்திரம் வாங்கிக் கொட்டகையில் நிறுத்தினோம். அவரவர் நெல்லைத் தனித்தனித் தட்டில் பரப்பிச் சூடான காற்றை ஊதும். இயந்திரம் ஒன்று, மூட்டையோ நூற்றுக்கணக்கில். யாருக்கு முதலில் என்பதில் முதல் வருஷமே சட்டை கிழிந்தது. அதில் ஒன்று என்னுடையது. ஆகவே பொதுக்குழுவில் தீர்மானம் போட்டோம்: கணினி தரும் முறைப்பட்டியலில் பெயர் இல்லாமல் ஒரு மூட்டைகூட இயந்திரத்துக்குள் போகக் கூடாது. தலைவர் வீட்டு மூட்டையானாலும் சரி.

அந்தப் பட்டியலைப் போடும் ஏற்பாட்டைச் செய்தவன் ஊர்க்காரர் ஒருவரின் மகன். செய்துவிட்டுக் குவைத்துக்குப் போய்விட்டான். எல்லாம் ஷெல் ஸ்கிரிப்டு. அதாவது கணினிக்கு எழுதி வைக்கும் வேலைச் சீட்டு: இதைச் செய், பிறகு அதைச் செய் என்று. மொத்தம் பதினான்கு சீட்டு. பெயர்கள்: பட்டியல், பட்டியல்புதுசு, பட்டியல்கடைசி, பட்டியல்கடைசி2, இதைத்தொடாதே. எதற்குப் பிறகு எதை ஓட்டுவது என்பது தட்டச்சு செய்யும் செல்விக்கு மட்டும் தெரியும். அவளுக்கும் காரணம் தெரியாது. விளக்கு ஏற்றுகிற மாதிரி ஒரு வரிசையில் ஏற்றுவாள், பட்டியல் வரும்.

ஒரு கோடையில் பழைய கணினிக்குள் எலி குட்டி போட்டது. புதுக் கணினி வாங்கினோம். பதினான்கு சீட்டும் அதில் ஓட மறுத்தன. ஓடிய இரண்டு தப்பாக ஓடின. அப்போதுதான் அவர் ஒரு பிளாஸ்டிக் உறையோடு சங்கத்துக்கு வந்தார்.

அந்தச் சீட்டுகளை அவர் படித்த விதம், பெரிய டாக்டர் சின்ன டாக்டரின் மருந்துச் சீட்டைப் படிப்பது போல இருந்தது. வரிக்கு வரி "ச்சு, ச்சு" என்றார்.

"இந்த வரி அந்தப் பழைய கம்ப்யூட்டர்ல மட்டும்தான் ஓடும். இது அதிலயும் ஞாயித்துக்கிழமை ஓடாது. ‘இதைத்தொடாதே’ன்னு ஒண்ணு வச்சிருக்கானே, அது எதுவுமே செய்யலை சார். சும்மா மூணு செகண்டு தூங்குது."

"அதை எடுத்துட்டா பட்டியல் வராதுங்க சார்," என்றாள் செல்வி.

"ஏன்?"

"ஒருதடவை எடுத்துப் பார்த்தோம். வரல."

அவர் பதினான்கையும் தூக்கிப் போட்டுவிட்டு ஒன்றே ஒன்றாக எழுதப் போவதாக அறிவித்தார். கருவியின் பெயர் ஆக். எழுத்துகளை வரி வரியாகப் படித்து, பிரித்து, கூட்டிக் கொடுக்கும் பழைய கருவியாம். அதற்கு உலகம் ஒப்புக்கொண்ட ஒரு தரவிதி இருக்கிறது. அதில் சொன்னதை மட்டும் வைத்து எழுதினால் எந்தக் கணினியிலும் ஒரே மாதிரி ஓடும். அந்த விதியை அச்சடித்து, பச்சை நாடா கட்டித்தான் உறைக்குள் வைத்திருந்தார். கல்யாணப் பந்தியில் இலை போடும் வரைக்கும் அதைப் பிரித்துப் படிப்பார்.

"நாளைக்கு அமெரிக்காவுல கொண்டுபோய் ஓட்டினாலும் ஓடும் சார்," என்றார்.

"நம்ம நெல்லை அங்க காயவைக்கப் போறோமா?" என்று கேட்டேன்.

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

இரண்டு வாரம் எழுதினார். நடுவில் ஒரு வரியில் நின்றுபோனார்.

"‘லாபம்’னு வந்தா ஒண்ணுன்னு எடுத்துக்கோன்னு எழுதியிருக்கான். இது என்ன?"

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்வது போலவே அவருக்கும் சொன்னேன். நெல் அளக்கும்போது எங்கள் பக்கம் ஒன்று என்று தொடங்குவதில்லை. முதல் மரக்காலுக்கு ‘லாபம்’ என்பார்கள். அப்புறம் ரெண்டு, மூணு. மரக்கால் போய்த் தராசு வந்தது, தராசு போய் மின்தராசு வந்தது, லாபம் போகவில்லை. எடைபோடும் கலியமூர்த்தி முதல் மூட்டையைத் தூக்கி வைத்து, "லாபம், அறுபத்தொண்ணு" என்று எடையோடு கூவுவார். செல்வி லாபத்தை எழுத்தாகவும் மற்றதை எண்ணாகவும் அப்படியே அடிப்பாள். அடுத்த மூட்டை, "ரெண்டு, அறுபது."

"லாபம்ங்கறது எண்ணா?" என்றார் அவர்.

"எண் இல்லை. ஆனா ஒண்ணு."

"எண் இல்லாதது எப்படி சார் ஒண்ணாகும்?"

கலியமூர்த்தியைக் கூப்பிட்டார். அவர் தோளில் சாக்குத் தூசியோடு வந்து நின்றார்.

"கலியமூர்த்தி, இனிமே முதல் மூட்டைக்கு ஒண்ணுன்னு சொல்லுங்க."

"ஒண்ணுன்னு ஆரம்பிச்சா ஒண்ணோட நின்னுடும் சார்."

"எது நின்னுடும்?"

"எல்லாந்தான்."

"இது எங்க எழுதியிருக்கு?"

"எழுத எங்க சார் நேரம்? மூட்டைக்காரங்க நிக்குறாங்களே."

அவர் அந்த வரியை எடுத்துவிட்டார். தப்பாக வந்த தகவலைத் திருத்துவது கருவியின் வேலை இல்லையாம். செல்வியின் மேசைக்கு மேலே ஒரு தாள் ஒட்டினார்: ‘முதல் மூட்டைக்கு 1 என்று அடிக்கவும்.’ அதற்குப் பக்கத்தில் அவரே முந்தின வாரம் ஒட்டிய தாள் இருந்தது: ‘கூவுவதை மட்டும் அடிக்கவும். சொந்தமாக எதையும் மாற்றக் கூடாது.’ செல்வி வேண்டியவர்களுக்கு எடையில் அரைக் கிலோவை முழுக் கிலோவாக்கிவிடுவாள் என்பதால் போட்ட விதி அது.

செல்வி இரண்டு தாளையும் படித்தாள். "சரிங்க சார்," என்றாள். எங்கள் ஊரில் ‘சரிங்க சார்’ என்றால் காதில் விழுந்தது என்று அர்த்தம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அவருக்கு அது தெரியாது, எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

புது ஏற்பாடு ஓடியது. அவர் தானே தயாரித்த மாதிரித் தகவலை வைத்துப் பத்துத் தடவை சோதித்தார். பத்துத் தடவையும் சரி. மாதிரித் தகவலில் எல்லா முதல் மூட்டையும் 1 என்று இருந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு கடலை உருண்டை கொடுத்தார். எல்லா உருண்டையும் ஒரே அளவாக இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்கியிருந்தார்.

அந்தக் குறுவையில் ஒரு நல்ல காரியம் நடந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். பெரிய பண்ணை வீட்டு டிராக்டர் நாற்பது மூட்டையோடு வந்து வாசலை அடைத்து நின்றது. பண்ணைவீட்டு மாப்பிள்ளை இறங்கி வந்தார்.

"எங்க மாமா காலத்துலேருந்து இந்த ஊர்ல மொத மூட்டை எங்களுதுதான் சார்."

"எந்தத் தீர்மானத்துல இருக்கு?"

"தீர்மானமா? இந்தக் கொட்டாய் நிக்கிற எடமே நாங்க குடுத்தது."

"ரொம்ப நன்றி. உங்க இடம் பதினேழாவது."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். பதினாறு பேருடைய நெல் உள்ளே போய் வெளியே வரும்வரை அந்த டிராக்டர் நின்றது. எங்கள் ஊரில் அப்படி ஒன்று நடந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். குலுக்கியது மூன்று முறையா நான்கு முறையா என்று அவரும் எண்ணியிருப்பார்.

பிறகு மழை பிடித்தது. விட்டு விட்டுப் பெய்கிற மழை இல்லை. தகரக் கூரைமேல் ஜல்லி கொட்டுகிற மாதிரி ஒரே சத்தம். கொட்டகை முழுக்க ஈர மூட்டை.

வசந்தா என்று ஒருத்தி. நடவுக்கும் களைக்கும் போகிறவள். வீட்டுக் கொல்லையை ஒட்டிப் பத்துக் குழி நிலத்துண்டு ஒன்று அவளுக்கு உண்டு. அதில் விளைந்தது ஒரு மூட்டை. அவளுக்கும் பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்களுக்கும் பொங்கல் வரை அதுதான் சோறு. "ரேஷன் அரிசி இருக்கே" என்று செல்வி ஒருதடவை சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டாள். "அது அவங்க போடறது. இது நான் போட்டது," என்றாள் வசந்தா.

அறுத்த அன்றே மூட்டையைக் கொண்டுவந்து எடை போட்டுத் தூணோரம் சாத்திவிட்டுப் போனாள். மறுநாள் தலையில் ஒரு யூரியா சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வந்தாள்.

"சார், என் மொறை எப்ப வருது?"

அவர் திரையைப் பார்த்தார். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே.

"பட்டியல்ல உங்க பேர் இல்லையேம்மா."

"மூட்டை இருக்கே சார். அந்தா, தூணுக்குப் பக்கத்துல."

"இருக்கலாம். பட்டியல்ல இல்லை."

"பட்டியலைப் பார்த்தா நெல்லு ஈரமாவுது?"

அதற்கு மறுநாளும் வந்தாள். அன்றும் இல்லை என்றார்.

"நல்லாப் பாருங்க சார். நான் உசுரோட இருக்கேனா, அதையாவது பார்த்துச் சொல்லுங்க."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "உங்க பேரை எடை போட்டப்ப சொன்னீங்களா?" என்று கேட்டார். சொல்லியிருந்தாள். செல்வியும் அடித்திருந்தாள். ஆனால் பட்டியலில் இல்லை. தீர்மானப்படி பட்டியலில் இல்லாத மூட்டை உள்ளே போகக் கூடாது. நான் அவள் மூட்டையை உள்ளே அனுப்பிவிடுகிறேனா என்று பார்த்துப் பண்ணைவீட்டு ஆட்கள் வாசலிலேயே காத்திருந்தார்கள். அவளுடைய ஒரு மூட்டை உள்ளே போனால் அடுத்த நிமிஷம் அவர்களுடைய நாற்பது போகும்.

நான் செய்யத் தெரிந்ததைச் செய்தேன். கொட்டகையில் இருந்த மூட்டைகளை விரல் நீட்டி எண்ணினேன். பட்டியலின் மொத்தத்தோடு பார்த்தேன். பதினோரு மூட்டை இடித்தது. மறுபடி எண்ணினேன். பதினொன்றுதான். மூட்டையில் எழுதிய பெயர்களைப் பார்த்ததும் புரிந்தது: பதினொன்றும் ஒற்றை மூட்டைக்காரர்கள். இரண்டு மூட்டை வைத்திருந்த ஒருவர்கூட விட்டுப்போகவில்லை.

செல்வியின் திரையில் போய்ப் பார்த்தேன். ஒவ்வொருவருடைய முதல் வரியிலும் ‘லாபம்’ என்றுதான் இருந்தது. ஒட்டிய தாள் மேலே காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

ஒரே மூட்டையை இரண்டு தடவை எடை போட்டால் இரண்டு வரி விழும் என்பதால், அவர் வரிகளை எண்ணவில்லை. ஒருவருடைய கடைசி எண்ணைத்தான் மூட்டைக் கணக்காக எடுத்துக்கொண்டார். நாற்பது மூட்டைக்காரருக்குக் கடைசி எண் நாற்பது. ஐந்து மூட்டைக்காரருக்கு ஐந்து. முதலில் லாபம் இருந்தால் என்ன, எது இருந்தால் என்ன. ஒற்றை மூட்டைக்காரருக்கு மட்டும் முதலும் அதுதான், கடைசியும் அதுதான்.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பச்சை நாடாவை அவிழ்த்தார். ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். முகம் மலர்ந்தது.

"கருவி சரியாத்தான் சார் செஞ்சிருக்கு! எண் மாதிரி இல்லாத எழுத்தை எண்ணா எடுத்துக்கச் சொன்னா அதோட மதிப்பு பூஜ்யம். ஸ்டாண்டர்டு. பூஜ்யம் மூட்டை வச்சிருக்கறவருக்கு முறை எதுக்கு? அதான் விட்டுடுச்சு. எவ்வளவு சுத்தம் பாருங்க."

"செல்வி, ஒண்ணுன்னு அடிக்கச் சொன்னாரே, ஏம்மா அடிக்கலை?" என்று கேட்டேன்.

"கலியமூர்த்தி அண்ணன் லாபம்னுல்ல கூவுறாரு. கூவுறதை மட்டும் அடின்னு சார்தானே ஒட்டியிருக்காரு. ரெண்டு தாள்ல எதைக் கேக்குறது? மொத ஒட்டினதைக் கேட்டேன்."

அவர் இரண்டு தாளையும் நிமிர்ந்து பார்த்தார். ஒரு விதி இன்னொரு விதியை மறுக்கும் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. ஆனாலும் அசரவில்லை.

"சார், ஒரே ஒரு வரி," என்றேன். "அந்தப் பையன் எழுதினதுதான். திரும்பப் போட்டுடுங்க."

"அவனும் ஒரு வரியிலதான் ஆரம்பிச்சான். பதினாலு ஃபைல்ல வந்து நின்னுது. ஊர் வழக்கத்தை ஒருதடவை உள்ள விட்டா, நாளைக்கு அமாவாசைக்கு ஒரு வரி, அஷ்டமிக்கு ஒரு வரின்னு வந்து நிப்பீங்க."

"சரி, பதினோரு இடத்துல மட்டும் கையால ஒண்ணுன்னு மாத்திடலாம்."

"பதிவான தகவலைக் கையால திருத்தறதா? ரயில்வேயில அப்படித்தான் பண்ணுவீங்களா?"

முப்பத்திரண்டு வருஷ சர்வீஸில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. பதில் தயார் செய்துகொண்டிருந்தபோது வசந்தா உள்ளே வந்தாள். மூட்டையின் வாயை அவிழ்த்துக் கையை விட்டுப் பார்த்திருக்கிறாள். ஒரு பிடி நெல்லைக் கொண்டுவந்து அவருடைய பச்சை நாடாத் தாளின்மேல் வைத்தாள். ஒவ்வொரு நெல்லின் நுனியிலும் வெள்ளையாக ஊசி முனை.

"இந்தா பாருங்க சார். உங்க பூஜ்யம் மொளைச்சிருக்கு."

கலியமூர்த்தி தராசுப் பக்கம் திரும்பிக்கொண்டார். செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றி, ஒரு நெல்லை எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். வைத்துவிட்டார். வேறொன்றை எடுத்துப் பார்த்தார். இப்போதாவது அந்த வரியைப் போடுவார் என்று நினைத்தேன். அவர் தாள்களைப் புரட்ட ஆரம்பித்தார். மழை கொட்டிக்கொண்டிருந்தது. வசந்தா இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டேயிருந்தாள்.

கால் மணி நேரம் கழித்துத் தலையை நிமிர்த்தினார். மறுபடி அந்த மலர்ச்சி.

"அம்மா, உங்ககிட்ட இன்னொரு சாக்கு இருக்கா?"

"எதுக்கு?"

"இந்த ஒரு மூட்டையை ரெண்டாக் கட்டுங்க. முதல் சாக்குக்கு அவர் லாபம்னே கூவட்டும். அடுத்த சாக்குக்கு ரெண்டுன்னு கூவுவார். ரெண்டுங்கறது எண். நீங்க பட்டியலுக்குள்ள வந்துடுவீங்க. எதையும் திருத்த வேண்டாம், எந்த வரியும் சேர்க்க வேண்டாம்."

"நான் லாபம்னே சொல்லலாமா சார்?" என்றார் கலியமூர்த்தி, நம்பாமல்.

"தாராளமா சொல்லுங்க. அதை நான் பார்க்கவே மாட்டேன்."

 வசந்தா தலையில் கவிழ்த்திருந்த யூரியா சாக்கை உருவி உதறினாள். தரையில் உட்கார்ந்து மூட்டையைப் பிரித்தாள். ஓரத்தில் சூடேறி முளைத்ததை ஒரு சாக்கிலும், நடுவில் தப்பித்ததை ஒரு சாக்கிலும் போட்டாள். ஏறக்குறையப் பாதிக்குப் பாதி. கலியமூர்த்தி குனிந்து நல்ல சாக்கைத் தூக்கப் போனார்.

"அதை வைக்காதீங்கண்ணே. மொளைச்சதை மொதல்ல வையுங்க. மொத சாக்குதானே கணக்குல வராதது."

"லாபம், முப்பத்தொண்ணு!" என்று கலியமூர்த்தி முளைத்த நெல்லைக் கூவினார்.

பதினோரு பேரையும் கூப்பிட்டு அனுப்பினோம். கொட்டகைத் தரை முழுக்கச் சாக்கைப் பிரிப்பவர்களும் கட்டுபவர்களும். நேற்றுவரை பூஜ்யமாக இருந்தது சாயங்காலத்துக்குள் இருபத்திரண்டு மூட்டை ஆயிற்று. பதினொன்று என்ற உண்மையான எண்ணிக்கையை அந்தக் கணினி கடைசிவரை பார்க்கவே இல்லை. எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். முதலில் எடை போட்ட நேரம்தான் செல்லும் என்று அவரே கண்டு சொன்னார். அதனால் பதினோரு பேரும் பட்டியலின் தலைக்குப் போனார்கள். பண்ணைவீட்டுக்காரர்களின் அடுத்த டிராக்டர் மறுபடி வெளியே நின்றது. வசந்தாவின் தட்டு உள்ளே போய் வெளியே வரும்வரை அவர் குடையைப் பிடித்துக்கொண்டு ஒழுகுகிற கூரைக்குக் கீழே இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே நின்றார். குடை தட்டுக்கு மேலே இருந்தது, அவர் நனைந்தார். அவள் நன்றி சொல்லவில்லை. பாதி மூட்டையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "மிச்சத்தை மாட்டுக்குப் போட்டுக்கறேன், அதுக்கு ஸ்டாண்டர்டு தெரியாது," என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் தெருவில் அவர் பெயர் அன்றிலிருந்து பூஜ்யம் சார்.

மகளுக்குப் பிரசவம் என்று அவரும் மனைவியும் புனேக்குப் போனார்கள். பேரன் நடந்தான், பள்ளிக்கூடம் போனான், அவர்கள் வரவில்லை. சங்கத்துக் கணினி அதற்குப் பிறகு இரண்டு தடவை மாறிவிட்டது. அவர் எழுதியது ஒரு எழுத்து மாறாமல் ஓடுகிறது. அந்த விஷயத்தில் அவர் சொன்னது சரிதான், எரிச்சலோடு ஒப்புக்கொள்கிறேன்.

போன குறுவையில், நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண் ஒருத்தி ஒற்றை மூட்டையைக் கொண்டுவந்து தராசுக்கு முன்னால் வைத்தாள். வரிசையில் நின்ற பெண்கள் பதறிவிட்டார்கள்.

"ஏடி, ஒத்த மூட்டையா கொண்டாந்த? ரெண்டாக் கட்டு, ரெண்டாக் கட்டு!"

"எதுக்கு அக்கா?"

"ஒத்த மூட்டை ஆகாதுடி. நெல்லு மொளைச்சுடும்."

ஒருத்தி தன் சாக்கை உதறிக் கொடுத்தாள். இன்னொருத்தி முதல் சாக்கில் ஒரு மஞ்சள் பொட்டு வைத்தாள். பொட்டு எப்போது சேர்ந்தது என்று எனக்குத் தெரியவில்லை. கலியமூர்த்திக்கு இப்போது முழங்கால் சரியில்லை. தராசில் வேறு ஆள். அவனைக் கேட்டேன். "அது ஐதீகம் சார். தாத்தா காலத்துலேருந்து இருக்கு," என்றான்.

சென்ற வாரம் புனேயிலிருந்து போன் செய்தார். வருஷத்துக்கு இரண்டு தடவை செய்வார். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அந்தப் புரோகிராமை யாராவது தொட்டாங்களா?" இல்லை என்றேன். பிறகு, தெரிந்துகொள்ளட்டும் என்று, ஒற்றை மூட்டை ஆகாது என்று ஊரில் ஒரு நம்பிக்கை வந்திருப்பதையும் மஞ்சள் பொட்டையும் சொன்னேன்.

"ஒத்த மூட்டை ஆகாதா? இதெல்லாம் யார் சார் கிளப்பிவிடறது? எங்க எழுதியிருக்கு?" என்றார். உண்மையாகவே கோபம். "இந்த ஊர் திருந்தவே திருந்தாது சார்."

நான் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, குனிந்து, என் சாப்பாட்டு நெல் ஒரு மூட்டையை இரண்டாகக் கட்டிக்கொண்டிருந்தேன். முதல் சாக்கில் கொஞ்சம் குறைவாகத்தான் போட்டேன். அது கணக்கில் வராது.